பிப்ரவரி ஒன்றாம் தேதி இறங்குகிறவர்கள்

மலையிலிருந்து குதித்தவர்கள் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை என்பது அந்த ஊரில் ஒரு விஷயமே இல்லை. மொரீஷியஸ் தீவின் ஒரு மூலையில், கடலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர் அது. ஊருக்குப் பின்னால் சுவர் மாதிரி செங்குத்தாக ஒரு மலை, மலைக்கும் ஊருக்கும் நடுவே ஆகாயத்தில் அவர்கள், அவர்களுக்குக் கீழே தகரக் கூரைகள், துணிக்கொடிகள், கோழிகள், ஒரு முருகன் கோவில், ஒரு மாதா கோவில். புதிதாக மாற்றலாகி வருகிற தபால்காரர் மட்டும் முதல் வாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்ச் சாக்கடையில் விழுவார். இரண்டாவது வாரம் அவருக்கும் பழகிவிடும்.

ஊரார் சொல்லும் கதை இதுதான்: 1835ஆம் வருஷம் பிப்ரவரி ஒன்றாம் தேதி தீவில் அடிமைத்தனம் ஒழிந்தது. தோட்டங்களிலிருந்து தப்பியோடி மலையுச்சியில் ஒளிந்திருந்தவர்களுக்கு அந்தச் சேதியைச் சொல்லத்தான் சிப்பாய்கள் மலையேறினார்கள். நல்ல சேதி சொல்லப் போகிறவன் பூவோடா போவான், பழத்தோடா போவான்? சிப்பாய் உடுப்போடும் துப்பாக்கியோடும் போனார்கள். அதுநாள்வரை பிடித்துக் கட்டி இழுத்துப்போக வந்தவர்களும் அதே உடுப்பில்தான் வந்திருந்தார்கள். மேலேயிருந்தவர்கள் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிடிபடுவதைவிட இது மேல் என்று குதித்தார்கள். ஆனால் சேதி உண்மையாக இருந்தது, சந்தேகமும் நியாயமாக இருந்தது, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அவர்கள் பாதி வழியில் அப்படியே நின்றுபோனார்கள்.

பிறகு கப்பல்களில் வந்திறங்கிய தமிழர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்தச் சீமையில் இப்படிப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நிழல் விழுகிற இடமாகப் பார்த்துக் குடிசை போட்டார்கள். ஊர் அப்படித்தான் உண்டாயிற்று. அவர்களுக்கு நேர்கீழே யாரும் தென்னை வைப்பதில்லை. பிள்ளைகள் பட்டம் விடவேண்டுமென்றால் கடற்கரைக்குப் போகவேண்டும். தாளிக்கும்போது மிளகாய் நெடி மேலே போகாதபடி அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சூறாவளி வந்து கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போகும், அவர்கள் மட்டும் ஒரு விரற்கடை நகரமாட்டார்கள். காற்றே இல்லாத நாளிலும் அவர்களுடைய தலைமுடியும் கந்தல் உடுப்பும் மேல்நோக்கிப் பறந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அவர்கள் விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். யாரும் கீழே பார்ப்பதில்லை. எல்லா முகமும் மலையுச்சியைப் பார்த்தபடி, துரத்தியவர்கள் எட்டிப் பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் இறங்கியதெல்லாம் பிப்ரவரி ஒன்றாம் தேதிகளில்தான், அதுவும் எல்லா வருஷமும் இல்லை. 1865இல் ஒரு தென்னை மர உயரம் சடாரென்று இறங்கினார்கள், கோழிகள் கூண்டுக்குள் ஓடின, காரணம் யாருக்கும் தெரியவில்லை. மாதங்கள் கழித்துக் கப்பலில் வந்த பத்திரிகையைப் பாதிரியார் படித்துச் சொன்னார்: அதே தேதியில் அமெரிக்காவில், அடிமைத்தனத்தை ஒழிக்கும் தீர்மானத்தில் அந்த நாட்டு அதிபர் கையெழுத்துப் போட்டிருந்தார். 1960இல் இன்னும் அதிகமாக இறங்கினார்கள்; அன்றைக்கு அதே அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர், தங்கள் நிறத்தவருக்குப் பரிமாறாத கடையொன்றில் போய் உட்கார்ந்து, காபி கேட்டு, கிடையாது என்ற பிறகும் எழுந்திருக்காமல் இருந்தார்கள். 1978இல் அதே நாட்டில், அடிமைகளைக் களவாக விடுதலைக்குக் கூட்டிப்போன ஒரு பெண்மணியின் படத்தைத் தபால்தலையில் போட்டார்கள். அந்த வருஷம் சரியாக ஒரு தபால்தலை அகலத்துக்கு இறங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தாரின் கட்சிகள் மீதிருந்த தடையை நீக்கியபோது ஊரே மேலே பார்த்துக்கொண்டு நின்றது, ஒன்றும் அசையவில்லை. அறிவிப்பு வந்தது பிப்ரவரி இரண்டாம் தேதி. ஒரு நாள் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அலுத்துக்கொள்வார்கள். ஊர் எதுவானாலும் சரி, தேதி பிப்ரவரி ஒன்றாக இருந்தால் அவர்கள் கொஞ்சம் நம்புவார்கள், நம்பிய அளவுக்கு இறங்குவார்கள் என்பது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

இறங்கித் தரையைத் தொட்டவர் ஒரே ஒருவர்தான். எல்லாரையும்விடத் தாழ நின்ற ஒரு கிழவர், 1960இல் கடற்கரைப் பக்கம் தரையை நெருங்கிவிட்டார். சந்தோஷத்தில் துரைமார் போலீஸ் பேண்டு வாத்தியத்தை அனுப்பினார்கள். கிழவர் முதன்முதலாகத் திரும்பிக் கீழே பார்த்தார், உடுப்பைப் பார்த்தார். அசையாத காற்றில் அவரைச் சுற்றி மட்டும் விசில் மாதிரி ஓர் ஊதல் கிளம்பியது, பாதம் மணலைத் தொட்டது, அத்தனை வருஷம் மிச்சம் வைத்திருந்த விழுகை முழுதும் ஒரே நொடியில் நடந்து முடிந்தது. மலையுச்சியிலிருந்து விழுந்தவரை எப்படி அள்ளுவார்களோ அப்படித்தான் அவரை அள்ளினார்கள்.

அதற்குப் பிறகு ஊர் உஷாராகிவிட்டது. ஒவ்வொரு பிப்ரவரி ஒன்றாம் தேதியும் ஒலிபெருக்கி கட்டி, மேலே இருப்பவர்களுக்கு நல்ல சேதிகளாகப் பொறுக்கிச் சொல்லிவந்தார்கள்: நமக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது, தீவு சுதந்திரமாகிவிட்டது, இன்றைக்கு உங்கள் பெயரில் அரசாங்க விடுமுறை, உங்கள் பேரப்பிள்ளைகள் டாக்டராகிவிட்டார்கள். ஒரு வருஷம் ஒலிம்பிக் ஓட்டப் பந்தய முடிவுகளைக்கூடப் படித்தார்கள். மேலேயிருந்து ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

இந்த ஊரில் பூங்காவனத்தைவிடச் சந்தேகப் பிராணி கிடையாது. பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான், பக்கத்து வீட்டுச் சேவல் வேண்டுமென்றே தன் ஜன்னலைப் பார்த்துக் கூவுகிறது, தள்ளுபடி என்று எழுதிப்போட்டிருக்கும் கடையில் ஏதோ அழுகிப்போயிருக்கிறது. கடற்கரை ஹோட்டலில் காலமெல்லாம் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துவிட்டு ஓய்வு பெற்றவள், கறை எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடியே கண் பழகிவிட்டது. அவளுடைய வீட்டு முற்றத்துக்கு நேர்மேலேதான் குழந்தையை அணைத்திருந்த அந்தப் பெண் நின்றாள். கிழவருக்கு அடுத்தபடி தாழ நின்றவள் அவள்தான். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இரண்டு பாதங்கள். இடது குதிகாலில் ஒரு முள் தழும்பு. பிறந்ததிலிருந்து பூங்காவனம் அந்தப் பாதங்களைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமான நாளில், புருஷன் செத்த நாளில், மகள் பிரான்சுக்கு விமானம் ஏறிய நாளில், முற்றத்துக்கு வந்து அந்தப் பாதங்களைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பெண்மேல் அவளுக்கு இருந்த பிரியம் தன் மகள்மேல் இருந்ததற்குக் குறைந்ததில்லை, அதை யாரிடமும் சொன்னதுமில்லை.

அதனால்தான் ஜனவரி பிறந்துவிட்டால் பூங்காவனத்துக்குத் தூக்கம் போய்விடும். அடுத்து ஒரு நல்ல காரியம் உலகத்தில் எங்கேயாவது பிப்ரவரி ஒன்றாம் தேதி நடந்துவிட்டால், இவள் தரையைத் தொட்டுவிடுவாள். தொடுகிறபோது நம்பாமல் தொட்டால் கிழவருக்கு நடந்ததுதான் இவளுக்கும், கையிலிருக்கும் குழந்தைக்கும். முருகா, இந்த வருஷமும் உலகத்தில் ஒரு நல்லதும் நடக்கவேண்டாம் என்று கோவிலில் வேண்டிக்கொள்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஜோஸ்லின் வேறு. மீன் விற்கிற கிரியோல்காரி, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவள், வாய்க்கு வாய் அந்தப் பெண் தன் வம்சம் என்பாள். அந்த ஊரில் தமிழர்களுக்கும் வீட்டுப் பேச்சு தீவின் பொதுமொழியான கிரியோல்தான், தமிழ் கோவிலோடு சரி; ஆகவே இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒரே பாஷையில் சண்டை போட்டார்கள்.

"பூங்காவனம், இந்த வாட்டி நிச்சயம் இறங்கிடுவா, பாரு. இறங்குறப்ப நான் உன் முத்தத்துல நிக்கணும். எங்க பாட்டிக்குப் பாட்டியோட அக்கா அவ."

"போன வருஷம் சித்தின்னு சொன்ன."

"அக்காளோ சித்தியோ, எங்க ரத்தம்."

"ரத்தமா இருந்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னா தெரியாதா?"

முதலில் நிற்பாள், அப்புறம் இது எங்கள் பாட்டி இறங்கின இடம் என்பாள், அப்புறம் சிலுவை நடுவாள், அப்புறம் முற்றம் யாருடையது என்று வக்கீல் வருவான். பூங்காவனத்துக்கு இதெல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. வேலிக்கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள்.

அந்த வருஷம் தைப்பூசமும் பிப்ரவரி ஒன்றும் ஒரே நாளில் வந்து விழுந்தன. ஊருக்கு ஏகக் குதூகலம். காவடி கோவிலுக்குப் போய்ச் சேரட்டும், பிறகு வாழையிலை போட்டு ஏழு கறியோடு சாப்பாடு, பிறகு ஒலிபெருக்கியில் நல்ல சேதி என்று ஏற்பாடு. விடிந்ததும் ஆற்றங்கரையில் ரோஜா நிற உடுப்பில் ஜனம் கூடிற்று. மேளம் கேட்டது. பூங்காவனம் போகவில்லை. முற்றத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பாதங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் அந்தப் பாதங்கள் இறங்கத் தொடங்கின. எந்த நாட்டில் என்ன நல்லது நடந்ததோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது. சடாரென்று இல்லை; கிணற்றில் குடம் இறக்குகிற மாதிரி நிதானமாக இறங்கின. முக்காலியிலிருந்து எழுந்த பூங்காவனத்தின் தலைக்கு நேராக முழங்கால் வந்தது, பிறகு இடுப்பு வந்தது, பிறகு முகம் வந்தது. வாழ்நாளெல்லாம் தன்னைவிடப் பெரியவள் என்று நினைத்திருந்தவள் இருபது வயதுகூட நிரம்பாத பெண். நெஞ்சோடு ஒட்டிக்கிடந்த குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்ட ஜோஸ்லின் போட்ட கூச்சல் கோவில்வரை கேட்டது. அவ்வளவுதான், ஊர்வலம் அப்படியே திரும்பி இங்கே ஓடிவந்தது. பூட்டு எந்த மூலைக்கு? வேலியே சாய்ந்தது. அலகு குத்தியவர்கள், முதுகெல்லாம் எலுமிச்சம்பழம் கோத்த கொக்கி தொங்கியவர்கள், தோளில் காவடி அழுத்தியவர்கள், ஆணிச் செருப்பில் நடந்தவர்கள், எல்லாரும் முற்றத்துக்குள் வந்து நிறைந்தார்கள். சாலையில் நின்ற போலீஸ்காரர் நல்ல மனுஷன். கிழவர் கதை தெரிந்தவர். அவசர அவசரமாகத் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மலையிலிருந்து முகத்தைத் திருப்பிய அந்தப் பெண், ஒளித்ததைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்தாள்: நாக்கிலும் கன்னத்திலும் கம்பி செருகிய ஆண்கள், வாய் திறந்து பேச முடியாதவர்கள், தோளில் சுமை, முதுகில் கொக்கி, காலடியில் ஆணி, பின்னால் மேளம் அடித்துக்கொண்டு ஒரு கூட்டம். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"விடுதலை!" என்று கத்தினார்கள். "உங்களை விட்டாச்சு! வா தாயே, இறங்கி வா!" ஜோஸ்லின் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். விழாவுக்கு வந்திருந்த அரசாங்க அதிகாரி, சாதாரண சட்டைதான் போட்டிருந்தார், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மதிப்புக்குரிய அம்மையார் அவர்களே" என்று தொடங்கினார்.

அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். காற்றில்லாத முற்றத்தில் அவளைச் சுற்றி ஓர் ஊதல் மெல்லக் கிளம்பிற்று. வயசானவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப் பின்வாங்கினார்கள். பாதத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது.

"அவன் வாயை யார் குத்தினது?" என்றாள் அந்தப் பெண். மேலே இருப்பவர்களில் ஒருவர் பேசிக் கேட்டது ஊருக்கு அதுவே முதல்முறை. மேளம் நின்றது.

"யாரும் குத்தலம்மா. அவங்களேதான் குத்திக்கிட்டாங்க. வேண்டுதல்" என்றாள் பூங்காவனம்.

"அப்படிச் சொல்லணும்னுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தாங்க."

ஊதல் பலத்தது. அவளுடைய முடி நெருப்புச் சுவாலை மாதிரி மேலே எழும்பிற்று. பூங்காவனம் ஓரடி முன்னால் வந்தாள். தானாக இருந்தாலும் நம்பமாட்டேனே என்று நினைத்தாள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டு வா வா என்று கூப்பிட்டால், கூப்பிடுகிறவனுக்கு அதில் என்ன லாபம் என்றுதானே முதலில் கேட்கத் தோன்றும்? இத்தனை வருஷமாக ஒலிபெருக்கியில் கத்தினார்களே, ஒருமுறையாவது ஒரு கெட்ட சேதி சொன்னார்களா? வெறும் இனிப்பாகக் கொடுத்தால் நாய்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும்.

"எங்களை விட்டாச்சுன்னா," என்றாள் அந்தப் பெண், "கரும்பை யாரு வெட்டினா? மலையைப் பார்த்துக்கிட்டு நின்னாலும் வாசனை வருமில்ல? தீ வச்ச வாசனை, சாறு காய்ச்சுற வாசனை. ஒரு வருஷம்கூட நிக்கல. எங்களை விட்டுட்டா வேற யாரு வெட்டினா?"

அதிகாரி மைக்கில் தொண்டையைச் செருமினார். பூங்காவனம் அந்த மைக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"நாங்க வெட்டினோம்" என்றாள். "உங்களை விட்டப்புறம் எங்களைக் கப்பல்ல ஏத்திட்டு வந்தாங்க. அங்க கல்லைப் புரட்டினா தங்கம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. வந்து புரட்டினோம், கல்லுதான் இருந்துச்சு. நீங்க படுத்த கொட்டடியிலதான் எங்களையும் படுக்க வச்சாங்க. உங்களை வச்சிருந்தானே முதலாளி, அவனுக்குத்தான் நஷ்டஈடு குடுத்தாங்க, உங்களுக்கு ஒரு கைப்பிடி மண்ணுகூடக் குடுக்கல. உங்க ஆளுங்க கடலோரமாப் போயி மீன் பிடிச்சுப் பொழைச்சாங்க."

"பூங்காவனம், நிறுத்து" என்று கோவில் செயலாளர் பல்லைக் கடித்தார். "நல்ல நாளும் அதுவுமா..."

"நீங்க சும்மா இருங்க." மறுபடி அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "இதோ நிக்கிறாளே, ஜோஸ்லின், இவ உன் வம்சம். அக்காவா சித்தியான்னு அவளுக்கே தெரியாது, ஏன்னா உங்க பேரையெல்லாம் எவனும் ஒழுங்கா வச்சிருக்கல. இவளை நான் இந்த முத்தத்துக்குள்ள விட்டதே இல்ல. வீட்டைக் கேட்டுடுவாளோன்னு பயம். இன்னைக்கு வேலி விழுந்துதான் உள்ள வந்திருக்கா."

ஜோஸ்லின் அழுகையை நிறுத்திவிட்டு அவளை முறைத்துப் பார்த்தாள். ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. நாக்கில் வேல் குத்தியிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். ஊதல் அடங்கிவிட்டதை ஊர் சற்றுப் பிந்தித்தான் கவனித்தது.

அந்தப் பெண் பூங்காவனத்தின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். படுக்கை விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் கறை பார்க்கிறவளின் பார்வை அது. பூங்காவனம் அசையாமல் நின்று கொடுத்தாள்.

"அப்போ அந்தச் சேதி?"

"அது நிஜம். சிப்பாய் கொண்டுவந்த அன்னைக்கே நிஜம்தான். உன்னை விட்டாச்சு. அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது."

பெண்ணின் முடி மெல்லத் தாழ்ந்து தோளில் விழுந்தது. கட்டைவிரல் முதலில் மண்ணைத் தொட்டது, பிறகு பாதம், பிறகு முள் தழும்பு இருந்த குதிகால். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எலும்பு நொறுங்கவில்லை. அவள் நின்றாள், அவ்வளவுதான். எத்தனையோ காலம் நடக்காத கால்கள் கொஞ்சம் ஆடின. குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

பூங்காவனம் வாய்விட்டு அழுதாள். கூட்டத்தில் யாரோ கைதட்டத் தொடங்க, ஜோஸ்லின் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அதோடு நின்றது.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, இன்னும் மலையையே பார்த்துக்கொண்டு மேலே நின்றவர்களை நோக்கி, நெஞ்சு விம்மக் கத்தினாள்:

"பொய் இல்ல! ஆனா பாதியைத்தான் சொல்லியிருக்காங்க! மிச்சத்தை இறங்கி வந்து கேட்டுக்கங்க!"

மேலே ஒரு தலை திரும்பிற்று. பிறகு இன்னொன்று. பிறகு ஆகாயம் முழுக்க முகங்கள் கீழே பார்த்தன, ஊர் அவர்களுடைய முகங்களை அன்றைக்குத்தான் பார்த்தது, அவர்கள் ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், கூரைகளுக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவே இறங்கத் தொடங்கினார்கள்.

கால் ஆடிக்கொண்டு நின்ற பெண்ணிடம் பூங்காவனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "குழந்தையைக் குடும்மா, கொஞ்சம் உக்காரு." அந்தப் பெண் முக்காலியில் உட்கார்ந்தாள். குழந்தையை மட்டும் மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பூங்காவனத்துக்கு அதில் வருத்தமில்லை. அந்த இடத்தில் தானாக இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டாள்.